பாலுவின் கேனை நிரப்பியவர்கள்

புதூர்நாடு
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கீதாஞ்சலிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், நகோயாவின் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்த ‘நலம்’ என்ற சொல்லை வழக்கமாகப் பேனா ஓடுகிற வேகத்தில் எழுதிவிடுவேன், இந்த முறை ஒவ்வொருவர் முகமாக நினைத்துப் பார்த்துத்தான் எழுதினேன், அதில் சிலருக்கு ஆய்வகச் சான்றே இருக்கிறது. முதலில் வரலாற்றில் இடம்பெற வேண்டிய செய்தியைச் சொல்லிவிடுகிறேன். சென்ற வெள்ளிக்கிழமை காலை நம் வீட்டுக் கூடத்தில் உன் அப்பா தலைமையில் கூடிய கூட்டத்தில், இனி இந்த வீட்டில் புழங்கும் கேன், பாட்டில், டப்பா, தூக்கு ஆகிய அனைத்தின் மேலும் உள்ளே இருப்பது என்ன, அது யாருடையது என்பதை எழுதி ஒட்டுவது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அப்பா மலைக் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர தீர்மானம் போடுவதிலிருந்து ஓய்வு பெறவில்லை, முன்மொழிந்து வழிமொழியாமல் நம் வீட்டில் ஒரு விளக்குமாறு கூட மூலை மாற முடியாது என்பது உனக்குத் தெரிந்ததே. இதை முன்மொழிந்தவர் அவரே, வழிமொழிந்தவன் உன் அண்ணன் சக்கரவர்த்தி, ஜீப்பில் ஆள் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததால் எதை வழிமொழிகிறோம் என்று கேட்காமலே வழிமொழிந்தான். எதிர்ப்புத் தெரிவிக்கக் கூடிய ஒரே ஆளான உன் அத்தை காந்தா அதற்கு முன்பே கோபித்துக்கொண்டு வெளிநடப்புச் செய்துவிட்டதால் ஒருமனதாயிற்று. இப்போது தேன் பாட்டிலில் ‘தேன், பொது’ என்றும் அப்பாவின் முழங்கால் தைலத்தில் ‘தைலம், கிருஷ்ணன் மட்டும்’ என்றும் எழுதியிருக்கிறது. உப்பு ஜாடியில் ‘உப்பு’ என்று எழுதி, யாருடையது என்பதில் முடிவு எட்டாமல் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

இப்படி ஒரு தீர்மானம் போட வேண்டிய நிலைமை நாட்டுக்கு ஏன் வந்தது என்று நீ கேட்பாய். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போனில் பேசினால் அப்பா பின்னால் நின்று ஒவ்வொரு வரிக்கும் திருத்தம் கொண்டுவருகிறார், வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கிற ஒரே மூலையில் அத்தை வந்தால் உட்கார்ந்துகொள்கிறாள், அவளைப் பற்றிப் பேச வேண்டியதை அவள் மடியில் உட்கார்ந்து பேச முடியாது. ஆகவே எழுதுகிறேன், நிதானமாகப் படி.

உன் அண்ணன் மகன் பாலுவுக்கு வயிற்று வலி என்பது உனக்குத் தெரியும். சூட்டு வலி, இளநீர் கொடுத்திருக்கிறோம் என்று உன் அண்ணன் உன்னிடம் சொல்லி வைத்திருந்தான், இளநீரும் கொடுத்தார்கள், வெந்தயமும் கொடுத்தார்கள், கண் பட்டதற்குக் கழித்துப் போட்டார்கள். ஒன்பது வயதுப் பையன் விலாவைப் பிடித்துக்கொண்டு மரவட்டை மாதிரி சுருண்டு படுப்பான், ஒரு மணி நேரம் கழித்து எழுந்து கோலி விளையாடப் போய்விடுவான், அதனால் பள்ளிக்கூடத்துக்குப் பயந்து நடிக்கிறான் என்று ஒரு கட்சியும் உண்டு. கடைசியில் ஆவணியில் ஒரு நாள் துவரம்பருப்பு அளவில் மஞ்சளாக ஒரு கல் சிறுநீரில் விழுந்தது, நடிப்புக் கட்சி கலைந்தது. வேலூருக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்ததில் வலது சிறுநீரகத்தில் இன்னொரு கல் இருக்கிறது என்றும், இடது ஏற்கனவே வீங்கி உள்சதை மெலிந்துபோயிருக்கிறது, அது தேறுமா தேறாதா என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார்கள். குழந்தைகளுக்குச் சும்மா கல் வராது, சில வகை பரம்பரையாக வருவது, ஒவ்வொரு வகைக்கும் மருந்து வேறு, எந்த வகை என்று தெரியாமல் மருந்து கொடுத்தால் வலது பக்கத்தையும் இழக்க நேரும் என்றார்கள். ஆக, நம் பையனுக்கு நம்பி இருப்பது ஒன்றே ஒன்று, அதிலும் ஒரு கல். உன் அண்ணி சசிகலா அன்று திரும்பி வருகிற வழியெல்லாம் ஜீப்பின் முன்சீட்டில் அவனை மடியில் வைத்துக்கொண்டு அவன் வலது விலாவில் கையை வைத்தபடியே வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஃபிஜா மலை ஏறி வந்தார். வாணியம்பாடிப் பெண், குழந்தைகளுக்கு வருகிற அபூர்வமான பரம்பரைச் சிறுநீரக நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர், வேலூரில் பாலுவின் ஸ்கேனைப் பார்த்துவிட்டுத் தானாகவே தேடி வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, விழுந்த கல்லை வைத்திருக்கிறீர்களா, அது கிடைத்தால் இன்றைக்கே பாதி வேலை முடிந்துவிடும் என்றார். கல்லோ காட்டு மாரியம்மன் உண்டியலில் இருந்தது. நம் பக்கத்தில் கண் வலித்தால் தகரத்தில் கண் செய்து போடுகிறோம், கால் வலித்தால் கால் செய்து போடுகிறோம், இந்த நோய்க்கு உருவம் செய்ய வேண்டிய செலவே இல்லாமல் அசலே கையில் இருந்ததால் அத்தை அதை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். “சாமிக்கினு குட்த்துட்டத திருப்பிக் கேக்க முடியுமா டாக்டரம்மா?” என்று கேட்டாள். டாக்டர் பூசாரியைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார். உண்டியலை ஆடித் திருவிழாவில்தான் திறப்பது வழக்கம், நடுவில் திறந்தால் அம்மனுக்கு நம் மேல் நம்பிக்கை போய்விடும் என்று பூசாரி சொல்லிவிட்டார். அப்பா ஒரு விண்ணப்பம் தயாரிக்க ஆரம்பித்தார், டாக்டர் அதற்குள் வேறு வழி சொல்லிவிட்டார்.

வழி என்னவென்றால், ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன் ஒன்று. ஒரு நாள் காலையிலிருந்து மறுநாள் காலை வரை பாலு போகிற சிறுநீர் முழுவதையும் அதில் பிடித்து வைக்க வேண்டும், அதை ஆய்வகத்தில் அளந்து பார்த்தால் எந்தப் பொருள் அளவுக்கு மீறிப் போய்க் கல்லாகிறது என்று தெரிந்துவிடும். அத்தனை பேரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார், ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது, ஒரு சொட்டு குறைந்தாலும் கணக்குத் தப்பிவிடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பு இல்லை. நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மறுநாள் எனக்குத் திருப்பத்தூரில் கண் பரிசோதனை, சசிகலா சாமை அறுப்புக்குப் போயிருந்தாள், வீட்டைப் பார்த்துக்கொள்ள அத்தையும் அவள் மகன் பழனியும் பழனியின் மகள் கவியாவும் வந்திருந்தார்கள். பாலு காலையிலிருந்து ஒழுங்காகக் கேனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய் வந்திருக்கிறான். பொழுது சாய்கிற நேரத்தில் அத்தை கேனைத் தூக்கிப் பார்த்தாள். கால்வாசிகூட இல்லை.

அதன் பிறகு நடந்ததை நீ புரிந்துகொள்ள வேண்டுமானால் நம் ஊரில் பாத்திரம் திரும்புகிற முறையை நினைத்துக்கொள். பக்கத்து வீட்டிலிருந்து மோர் வந்த தூக்கை வெறுமையாகவோ குறையாகவோ திருப்பி அனுப்பினால் அதற்கு என்ன பொருள், அந்த வீட்டோடு நமக்கு இனி ஒன்றும் இல்லை என்று பொருள். ஒரு பிடி துவரை, இரண்டு பலாக்கொட்டை, ஒன்றும் இல்லையென்றால் கொஞ்சம் புளி, எதையாவது போட்டு விளிம்பு வரைக்கும் கொடுப்போம். வாணியம்பாடியிலிருந்து ஒரு டாக்டர் இவ்வளவு தூரம் ஏறி வந்து ஐந்து லிட்டர் கேனைக் கொடுத்து ஒரு சொட்டு குறையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், அவருக்குக் கால் கேன் கொடுத்து அனுப்புவதா? “நாளக்கி அந்தப் பொண்ணு ஊர்ல போயி இன்னா சொல்லும்? மலக்காரன் ஒண்ணுக்குக் குடுக்கறதுலகூட கஞ்சம்னு சொல்லாது?” என்று அத்தை கேட்டிருக்கிறாள். கேள்வி நியாயமானதாக இருந்ததால் உன் அப்பா உடனடியாக அவசரக் கூட்டம் கூட்டினார். யார் யார் பங்களிக்கலாம் என்பதில் சிறிது விவாதம் நடந்திருக்கிறது. பக்கத்து வீட்டு ராஜேஷ் கேள்விப்பட்டுத் தானும் உதவுவதாக வேலி ஓரம் வந்து நின்றானாம், அத்தை கண்டிப்பாக மறுத்துவிட்டாள். இது ரத்தத்தில் வருகிற நோய் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆகவே ரத்த சொந்தம் மட்டும்தான் சேரலாம் என்பது அவள் வாதம். இந்த விதிப்படி படவேட்டிலிருந்து வந்த மருமகளான எனக்கு, நான் அன்று வீட்டில் இருந்திருந்தாலும், வாய்ப்புக் கிடைத்திருக்காது. உன் அப்பா, சக்கரவர்த்தி, பழனி மூவரும் தாராளமாகக் கொடுத்தார்கள். கவியா பாலுவோடு எதிலும் போட்டி போடுகிறவள், தன் பங்கை டம்ளரில் கொண்டுவந்து ஊற்றினாள். அத்தை தன் பங்கைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் டாக்டரின் வண்டி வந்தபோது கேன் கழுத்து வரை நிறைந்து, வெளியே துடைத்து, மூடி மேல் ஒரு செம்பருத்தியும் வைத்து வாசலில் தயாராக இருந்தது. முந்தின இரவு திருப்பத்தூரிலிருந்து நான் திரும்பியபோதே எல்லோர் முகத்திலும் ஊர்ச் சாலையைப் போட்டு முடித்தவர்களின் களை இருந்தது, எனக்குக் கண்ணில் மருந்து விட்டிருந்ததால் அதைச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து டாக்டர் ஃபிஜா போன் செய்தார். பையன் எடை எவ்வளவு என்று திரும்பவும் கேட்டார். பத்தொன்பது கிலோ என்றேன். அம்மா, நல்லா தெரியுமா என்றார். நான்தான் ரேஷன் கடைத் தராசில் நிறுத்தேன் என்றேன். அந்தப் பக்கம் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு விளக்கினார், ஒருவருடைய உடம்பில் இருக்கிற சதைக்குத் தக்கபடி ஒரு கழிவுப் பொருள் தினமும் இவ்வளவு என்று சிறுநீரில் போகுமாம், கேனில் முழுமையாகப் பிடித்தார்களா என்று சரிபார்க்க அதைத்தான் அளப்பார்களாம். நம் பாலுவின் கேனை அளந்து பார்த்ததில் அவனுக்குத் தொண்ணூறு கிலோ எடையும் ஒரு பயில்வானின் தோளும் இருக்க வேண்டும் என்று இயந்திரம் சொல்கிறதாம். பின்னால் நின்றிருந்த அப்பா போனை வாங்கி, “மலத் தண்ணி அப்பிடிங்க டாக்டர், இங்க எல்லாமே கொஞ்சம் தெம்பா இருக்கும்” என்றார். டாக்டர் நேரில் வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அவர் வருவதற்குள் பாலுவுக்கு மறுபடியும் வலி வந்துவிட்டது.

அது மதிய நேரம், பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்து சொன்னார்கள். இந்த முறை வலது பக்கம். சிறுநீர் வரவில்லை, வந்தது சிவப்பாக வந்தது. சக்கரவர்த்தி ஜீப்பில் இருந்த சாமை மூட்டைகளையும் ஆட்களையும் சாலையிலேயே இறக்கிவிட்டுப் பையனை ஏற்றினான், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பாலு கத்தினது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. திருப்பத்தூரில் ஊசி போட்டு வேலூருக்கு அனுப்பினார்கள், குழாய் வைத்து அடைப்பை எடுத்தார்கள். அங்கே வந்து பார்த்த டாக்டர் ஃபிஜா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, போன மாதமே அந்தக் கேன் சரியாக வந்திருந்தால் இதற்குள் மருந்து ஆரம்பித்திருக்கலாம்மா என்றார். குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. எதிர் பெஞ்சில் அத்தை உட்கார்ந்திருந்தாள், அவள் காதிலும் விழுந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அப்பா அன்று எந்தத் தீர்மானமும் கொண்டுவரவில்லை.

பையன் வீடு திரும்பிய வாரம் டாக்டர் மலைக்கு வந்து விசாரணை நடத்தினார். தவறாக நினைத்துக்கொள்ள வேண்டாம், கேனில் வேறு ஏதாவது கலந்ததா என்று கேட்டார். அப்பா மறுபடியும் மலைத் தண்ணீரைத் தொடங்கினார், விலா எலும்பை எண்ணிவிடலாம் போல் பாலு பக்கத்திலேயே நின்றதால் அந்த வாதம் எடுபடவில்லை. பாலுதான் சொன்னான், “நா மட்டும் இல்ல டாக்டரக்கா, எல்லாரும்தான் பேஞ்சாங்க. தாத்தா ரெண்டு தபா.” டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். அத்தை எழுந்து நின்றாள். “இன்னாம்மா பண்றது, கா கேனுதான் இருந்துச்சி. மோரு கேனு வந்தாகூட கொறையா அனுப்ப மாட்டோம், நீ பெரிய டாக்டரு, ஒனக்குக் கொறையா அனுப்புவோமா? ஒரு சொட்டு கொறையக் கூடாதுன்னு நீதான சொன்ன. சேக்கக் கூடாதுன்னு சொன்னியா?” என்றாள். டாக்டர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார், யோசித்துவிட்டு, “சொல்லலீங்க” என்றார். இப்போது அவர்கள் ஆராய்ச்சியில் எந்த வீட்டுக்குக் கேன் கொடுத்தாலும் ‘வேறு எவரும் இதில் சேர்க்கக் கூடாது, உறவினர் ஆயினும்’ என்று ஒரு வரி அச்சடித்துக் கொடுக்கிறார்களாம். மருத்துவ அறிவியலுக்கு நம் குடும்பத்தின் பங்களிப்பாக அப்பா இதைக் கருதுகிறார்.

இதற்கிடையில் நோய் யார் பக்கத்திலிருந்து வந்தது என்ற ஆராய்ச்சி வீட்டில் தனியாக நடந்துகொண்டிருந்தது. அதற்கு ஆய்வகம் தேவைப்படவில்லை, அத்தை ஒருத்தியே போதும். எங்கள் வம்சத்தில் கல்லே கிடையாது, இது படவேட்டுக் கரும்புத் தண்ணீரின் வேலை, கீழ்நாட்டுப் பெண்ணை எடுத்ததன் பலன் என்று முப்பத்தைந்து வருடமாகச் சொல்லிவந்த பல விஷயங்களோடு இதையும் சேர்த்துக்கொண்டாள். டாக்டர் தரையில் ஒரு பெரிய தாளை விரித்து வட்டமும் சதுரமுமாகக் குடும்பத்தை வரைய ஆரம்பித்தார். பாலு, அவன் அப்பா சக்கரவர்த்தி, அவன் அப்பா கிருஷ்ணன். பாலு, அவன் அம்மா சசிகலா, அவள் அம்மா காந்தா. காந்தாவுக்குக் கிருஷ்ணன் யார் என்று கேட்டார், தம்பி என்றார்கள், கோட்டை வளைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். பழனிக்கு யாரைக் கட்டியது என்றார், முத்தம்மாளை என்றார்கள், முத்தம்மாள் யார் என்றார், கிருஷ்ணனுக்குத் தம்பி மகள் என்றார்கள், இன்னொரு கோட்டை வளைத்தார். முடிவில் படம் மரம் மாதிரி இல்லை, காட்டுக்கொடி சுற்றிக்கொண்ட மாதிரி இருந்தது, எந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனாலும் உன் தாத்தாவின் சதுரத்தில் போய் முட்டியது. இந்த நோய் வர வேண்டுமானால் அம்மா வழியாக ஒன்று, அப்பா வழியாக ஒன்று என்று இரண்டு பழுதான மரபணு சேர வேண்டும், ஒன்று மட்டும் இருக்கிறவர்கள் ஆயுசுக்கும் நன்றாகத்தான் இருப்பார்கள் என்றார். யார் பக்கம் என்று அத்தை கேட்டாள். “ரெண்டு பக்கமும்தாங்க. ஆனா ரெண்டும் ஒரே பக்கமா இருக்கே” என்றார் டாக்டர். சண்டை போடுவதற்குப் பக்கமே இல்லாமல் போனதில் கூடத்தில் எல்லோருக்கும் சற்று ஏமாற்றம்.

கேன் உதவாது, கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அத்தைக்குப் பொறுக்கவில்லை. மனசாரக் கொடுத்ததைக் கீழே கொட்டுவதா, அப்படியானால் எங்களுக்கும் ஆளுக்கொரு கேன் கொடு என்று நின்றுவிட்டாள். ஆராய்ச்சியில் பாலுவையும் அவன் பெற்றோரையும் மட்டும்தான் சேர்த்திருந்தார்கள், மற்றவர்கள் கணக்கில் இல்லை. டாக்டர் அவளைப் பார்த்தார், விரித்த படத்தைப் பார்த்தார், சரி, இத்தனை கோடு இங்கே வந்து சேர்கிறதே, எல்லோருக்கும் பார்த்துவிடுவோம் என்று பையிலிருந்து சின்னச் சின்னக் கப்புகளை எடுத்து, கேனில் கொடுத்த அத்தனை பேருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார், பெயரை அவரே எழுதி ஒட்டினார். ரத்தமும் எடுத்தார், எனக்கும் சேர்த்து. பாலுவுக்கு இரண்டாவது கேனை இந்த முறை நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தேன், அத்தை ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் கொறையாத்தான் இருக்குது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

முடிவு வந்தது. பாலுவுக்கு இருப்பது சிஸ்டினூரியா. நாம் சாப்பிடுகிற சாப்பாட்டிலிருந்து வருகிற சிஸ்டின் என்ற பொருளைச் சிறுநீரகம் மற்றவர்களுக்கு உடம்புக்குள்ளேயே திருப்பி எடுத்துக்கொள்கிறது, இவனுக்கு அந்த வாசல் பழுது, அதனால் சிறுநீரில் போய்க் கரையாமல் கல்லாகிறது. நிறையத் தண்ணீர், படுக்கப் போகும்போதும் நடுவில் எழுப்பியும் தண்ணீர், உப்பு குறைவு, புளிப்பாக ஒரு டானிக், அதற்கும் கட்டுப்படாவிட்டால் வேறு மாத்திரை இருக்கிறது என்றார். இதைச் சொல்லிவிட்டு டாக்டர் பழனியையும் முத்தம்மாளையும் கூப்பிடுங்கள் என்றார். கப்புகளில் ஒன்றில் மருந்து விட்டதும் நாவல்பழச் சாறு மாதிரி நிறம் மாறிவிட்டதாம். கவியாவுடையது. ஏழு வயது, ஒரு நாள் வயிறு வலிக்கிறது என்று சொன்னதில்லை, ஊரில் மரம் ஏறுவதில் முதல் ஆள். முத்தம்மாள் அழுதாள். பழனி அழவில்லை, கோபப்பட்டான், “நல்லா இருக்கற புள்ளைக்கு எதுக்கு வியாதின்னு பேரு வெக்கறீங்கோ? கல்லு வரட்டும், அப்ப பாத்துக்கறேன்” என்றான், டானிக்கைக் கையால் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். வலி வருகிறவரை காத்திருந்தால் பாலுவின் இடது பக்கம் மாதிரி ஆகிவிடும் என்று டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், நான் சொன்னேன், அப்பா ஒரு கண்டனத் தீர்மானம் வரை போனார், பழனி அசையவில்லை.

அவனை அசைத்தது அத்தை. அவள் இரண்டு நாள் யோசித்திருக்கிறாள். யோசித்ததில் அவளுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது, கவியாவுக்கு நோய் இருக்கிறது என்றால் கேனை நிரப்பியது உலகம் வியக்கிற காரியம், கவியாவுக்கு நோய் இல்லை என்றால் அது வெறும் கிறுக்குத்தனம், அதோடு பாலுவின் வலியும் அவள் கணக்கில் நிற்கும். மூன்றாம் நாள் காலை பழனி வீட்டு வாசலில் போய் நின்றாள். “டேய், நா மட்டும் அந்தக் கேன ரொப்பலன்னா ஒம் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்குமாடா? இத்தினி டாக்டரு கண்ணுல படாதது எங்கண்ணுல பட்டுச்சி. இன்னிக்கி நீ மருந்து குடுக்கல, அப்பறம் நா ஒம் வூட்டுப் படி ஏற மாட்டேன்” என்றாளாம். மூன்று தெருவுக்குக் கேட்டது என்கிறார்கள். பழனி டானிக் பாட்டிலைத் திறந்தான். அன்றிலிருந்து பாலுவும் கவியாவும் எங்கே நின்றாலும் அத்தை செம்போடு பின்னால் நிற்கிறாள், பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் வேலிக்கு வெளியே செம்பு தெரிகிறது, தலைமையாசிரியர் இனிப் பிள்ளைகளிடம் பாட்டிலே கொடுத்து அனுப்புகிறோம் என்று அப்பாவிடம் முறையிட்டிருக்கிறார். நோயைக் கண்டுபிடித்தவர் என்று தன் பெயரை ஆராய்ச்சிக் கட்டுரையில் போடுவார்களா என்று டாக்டரிடம் கேட்டாள், போடுகிற வழக்கம் இல்லை என்று அவர் சொன்னதில் வருத்தம், அந்த வருத்தத்தோடு இருக்கும்போதுதான் வெள்ளிக்கிழமை அப்பா பாத்திரங்களுக்குப் பெயர் ஒட்டும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார், அது தன்னைக் குத்திக்காட்டத்தான் என்று புரிந்துகொண்டு வெளிநடப்புச் செய்தாள். நாளை மறுநாள் திரும்பிவிடுவாள், செம்பு இங்கேதான் இருக்கிறது.

ரத்தப் பரிசோதனையில் உன் அப்பாவுக்கும் அத்தைக்கும் ஒவ்வொரு பழுதான மரபணு இருப்பது தெரிந்தது, எனக்கு ஒன்றும் இல்லை, படவேட்டுத் தண்ணீர் முழுச் சுத்தம் என்று எழுத்து மூலம் வந்துவிட்டது. இதில் நான் எந்த மகிழ்ச்சியும் அடையவில்லை. அன்று மாலை பாயசம் வைத்தது வேறு காரணத்துக்காக, காரணம் என்ன என்பது இப்போது நினைவில் இல்லை. அத்தைக்கும் ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்பினேன், விளிம்பு வரைக்கும்.

உனக்கும் ஒரு வேலை இருக்கிறது. உன்னிடமும் அந்த ஒற்றை மரபணு இருக்கலாம், இருந்தால் உனக்கு ஒன்றும் செய்யாது, தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் எச்சில் பிடிக்கிற ஒரு சின்னக் குழாயைத் தபாலில் அனுப்பப் போகிறார். குழாயில் குறித்திருக்கிற அளவோடு மூடிவிடு, தோழிகள் யாரையும் உதவிக்குச் சேர்த்துக்கொள்ளாதே. அத்தையின் இளைய மகனுக்கு உன்னைக் கேட்கிற பேச்சு ஒன்று ஆடியில் எழுந்தது, அதை டாக்டர் வரைந்த படத்தை அத்தைக்கு எதிரில் விரித்துக் காட்டி அப்படியே மடித்துவைத்துவிட்டேன், இனி நீ யாரைக் கொண்டுவந்தாலும் தூரத்து ஊராக இருந்தால் நல்லது என்று அப்பாவே தீர்மானம் போடுகிற மனநிலையில் இருக்கிறார், ஜப்பான் அவர் கணக்கில் தூரமா என்று நீதான் கேட்டுக்கொள்ள வேண்டும். குளிர் என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதே. புளியும் சாமை அரிசியும் அனுப்பியிருக்கிறேன், பெட்டியின் மேல் என்ன, யாருடையது என்று அப்பா எழுதியிருக்கிறார், சுங்கத்தில் சந்தேகப்பட்டால் அந்த எழுத்தைக் காட்டு. ஞாயிறுதோறும் தலைக்கு எண்ணெய் வை. அம்மனும் உன் தாத்தாவும், அவர் கொடுத்ததில் நல்லது மட்டும், உன்னோடு இருக்கட்டும். நீ நோய் நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்த வேலையோடு நீண்ட காலம் வாழ வேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா
மாணிக்கம்மாள்

பி.கு.: நேற்று இருவருக்கும் வேலூரில் ஸ்கேன் எடுத்தார்கள். பாலுவின் இடது சிறுநீரகம் இனி வேலை செய்யாது, வலது வேலை செய்கிறது. கவியாவுக்கு இரண்டும் வேலை செய்கின்றன.